மெய் எது பொய் எது கட்டுரைப் போட்டி: தலைப்பை எப்படி வைக்கலாம்?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைக்கிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. "இணையத்தில் வரும் தகவலில் மெய் எது, பொய் எது என்று அறிவது எப்படி" என்று தலைப்பு யோசித்து வைத்திருக்கிறோம். பரிசு புத்தகங்கள்தான்.

இந்தத் தலைப்புக்கு என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். முதல் பத்தியில் ஒரு குறள், எல்லோரும் அதே குறள். அடுத்து "இன்றைய நவீன உலகில் இணையம் இன்றியமையாதது". அப்புறம் நன்மைகள், தீமைகள், கடைசியில் "எதையும் நம்பாமல் விழிப்போடு இருப்போம்". நாலு பக்கம் படித்து முடித்தாலும் அந்தப் பிள்ளை ஒரே ஒரு பொய்யையாவது தானாகக் கண்டுபிடித்ததா என்று தெரியாது. இப்போது கூடுதலாக ஏஐ வேறு. கேட்டால் ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிடும், அதில் யாரும் செய்யாத ஆய்வும் யாரும் சொல்லாத மேற்கோளும் கலந்திருக்கும், பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கட்டுரையிலேயே.

தலைப்பை எப்படி மாற்றலாம், மதிப்பெண் எதற்குக் கொடுக்கலாம்? யோசனை சொல்லுங்கள்.

டெல்டா டீச்சர்:

சார், பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் எழுதுவார்கள், பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. அவரவர் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த ஒரே ஒரு செய்தியை எடுக்கச் சொல்லுங்கள். அது எங்கிருந்து வந்தது, எப்போது முதலில் வந்தது, படத்தில் இருப்பது எந்த ஊர், யாரிடம் கேட்டார்கள், அவர் என்ன சொன்னார், அப்புறமும் தெரியாமல் நிற்பது எது. இவ்வளவுதான். ஏஐயால் இதை எழுத முடியாது, ஏனென்றால் அதற்கு உங்கள் பெரியப்பா அனுப்பிய செய்தி தெரியாது.

என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, கலெக்டர் உத்தரவு" என்று ஒரு படம் சுற்றும். அதைப் பார்த்த உடனே தேதியைப் பார்ப்பார்கள், எந்த மாவட்டம் என்று பார்ப்பார்கள், கையெழுத்து போன வருஷத்துக் கலெக்டருடையதா என்றுகூடப் பார்ப்பார்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையனிடம் கேட்பார்கள், டிவியில் கீழே ஓடுகிற வரி வரும்வரை காத்திருப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லீவு என்பது அவ்வளவு முக்கியமான விஷயம். அதே பிள்ளை, தீபாவளி இரவில் இந்தியாவை நாசா எடுத்த படம் என்று வந்தால் கேள்வி கேட்காமல் ஸ்டேட்டஸில் வைத்துவிடும். அது பல வருஷத்து இரவு விளக்கு வெளிச்சத்தை வேறு வேறு நிறத்தில் சேர்த்துச் செய்த படம், தீபாவளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று நாசாவே 2012இல் சொல்லிவிட்டது. இன்னும் ஓயவில்லை.

ஆடுதுறைக்காரன்:

டீச்சர் சொல்வது நல்ல யோசனை. இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பொய்களில் பாதியைக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம், இணையமே வேண்டாம்.

தண்ணீர் வருகிற மாசத்தில் "கர்நாடகம் ஒரு லட்சம் டிஎம்சி திறந்துவிட்டது" என்று ஒரு செய்தி வரும். ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. மேட்டூர் அணை 120 அடி நிரம்பினாலே மொத்தக் கொள்ளளவு 93.47 டிஎம்சிதான். 2018இல் உச்ச நீதிமன்றம் நமக்கு ஒரு வருஷத்துக்கு என்று சொன்னதே 177.25 டிஎம்சி. ஒரு லட்சம் டிஎம்சிக்கு அவர்கள் எங்கே போவார்கள்? எழுதினவர் கன அடியை டிஎம்சி ஆக்கிவிட்டார், அவ்வளவுதான். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி. ஒரு நாளைக்கு எத்தனை வினாடி என்று தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுப் பார்க்கிற வகுத்தல் கணக்கு இது. அதே மாதிரி, "மேட்டூர் இன்று காலை திறப்பு, மாலைக்குள் கல்லணை வந்து சேரும்" என்பதும். ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தால் கல்லணையைத் திறக்கும் விழா மூணு நாலு நாள் கழித்துத்தான் நடக்கும் என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் கையில் போனில் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

சம்பா நெல்:

எல்லோரும் படித்தவர்களாகப் பேசுகிறீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன். எனக்கு வருவதை நான் பத்துப் பேருக்கு அனுப்புகிறவன்தான், வெட்கம் ஒன்றும் இல்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று ஒரு செய்தி வந்தால், உண்மையா என்று நான் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது திட்டில் கட்டியிருக்கிற மாடு போய்விடும். பொய்யாக இருந்தால் என்ன நஷ்டம்? மாட்டை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்த் திரும்ப ஓட்டிவந்த கால்வலி. உண்மையாக இருந்து நான் அனுப்பாமல் விட்டால்? பிள்ளைகளுக்கு "நம்பாதே நம்பாதே" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு நிஜமாக உடைப்பு எடுக்கும்போதும் "இது பழைய வீடியோ தாத்தா" என்று உட்கார்ந்திருக்கும்.

கொள்ளிடக்கரை:

ஐயா சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது. நடந்ததையே சொல்கிறேன். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் மதகுகள் உடைந்து போயின, மொத்தம் ஒன்பது. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் குழுவில் பாதிப் பேர் நம்பவில்லை. 1830களில் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது, எத்தனையோ வெள்ளம் பார்த்தது, அது எப்படி உடையும் என்றார்கள். அதே மாசத்தில்தான் திருச்சியில் கொள்ளிடம் பழைய இரும்புப் பாலமும் இடிந்தது, அந்தப் படத்தை யாரோ மேலணை என்று போட்டுக் குழப்புகிறார்கள் என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். விடிந்து பார்த்தால் மதகு போனது நிஜம்.

நம்ப முடியாத மாதிரி இருப்பது பொய் என்று ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அது ஆபத்து. 2024 ஆகஸ்டில் கொள்ளிடத்து வெள்ளத்தில் உயர் மின்கோபுரம் சாய்ந்து ஆற்றில் விழுந்ததே, பார்க்கும்போது சினிமா மாதிரிதான் இருந்தது. உண்மைதான். அந்த வீடியோ இனி வருகிற ஒவ்வொரு வெள்ளத்துக்கும் "இன்று" என்று தலைப்புப் போட்டு வரும், அப்போது அது பொய். படம் அதேதான், தேதிதான் பொய் சொல்லும்.

அதனால் கட்டுரைக்குக் கடைசியில் "பொய் என்று நிரூபித்தேன்" என்று வந்தால்தான் மதிப்பெண் என்று வைத்துவிடாதீர்கள். உண்மை என்று கண்டுபிடித்த பிள்ளைக்கும் அதே மதிப்பெண் வேண்டும். சரிபார்க்க முடியவில்லை, இன்ன இடத்தில் நின்றுவிட்டது என்று நேர்மையாக எழுதினாலும் வேண்டும்.

ஐயா, தண்ணீர் செய்திக்கு மட்டும் ஒன்று: மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 போட்டுக் கேட்கலாம், மாநிலத்துக்கு 1070. மாட்டை முதலில் ஓட்டுங்கள், ஓட்டிக்கொண்டே போன் பண்ணுங்கள். அனுப்புவதை அப்புறம் அனுப்பலாம்.

சம்பா நெல்:

மாட்டை முதலில் என்று சொன்னீரே, அது போதும் தம்பி.

மாயவரத்தாள்:

கொள்ளிடக்கரை சொன்ன தேதி விஷயத்துக்கு நம் ஊர் உதாரணம் இன்னும் நல்லதாக ஒன்று இருக்கிறது. சம்பா பயிர்க் காப்பீடு. வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். சில வருஷம் நீட்டித்திருக்கிறார்கள், சில வருஷம் இல்லை. நீட்டித்த உத்தரவின் படம் அடுத்த வருஷமும் அப்படியே வரும். அதை நம்பி ஒருவர் 16ஆம் தேதி சிட்டா அடங்கலை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனால் போச்சு. நெல் கொள்முதல் நிலையத்து ஈரப்பதமும் இப்படித்தான். விதிப்படி 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். மழைக்காலத்தில் தளர்த்தக் கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய், ஏதோ ஒரு வருஷம் தளர்த்துவார்கள். அந்த உத்தரவு அந்தப் பருவத்துக்கு மட்டும். படம் மட்டும் சாகாது.

இதில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை பாருங்கள். எல்லாம் நிஜ உத்தரவு, நிஜக் கையெழுத்து, நிஜ முத்திரை. போலி என்று தேடினால் கிடைக்காது.

நூலகத்தில் கால் வைத்தவள்:

கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நூலக அறிவியல் படித்தவள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆய்வு 2017இல் ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்தது. 45 பேரை உட்காரவைத்து இணையதளங்களைக் காட்டினார்கள். பத்துப் பேர் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கிய பேராசிரியர்கள், பத்துப் பேர் செய்தி சரிபார்க்கும் வேலையில் இருப்பவர்கள், இருபத்தைந்து பேர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். குழந்தை மருத்துவர்கள் சங்கம் என்ற மாதிரிப் பெயரோடு இரண்டு தளம். ஒன்று 1930இலிருந்து இருக்கிற பெரிய அமைப்பு, இன்னொன்று 2002இல் பிரிந்துபோன சின்னக் குழு. பேராசிரியர்களும் மாணவர்களும் தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து மேலிருந்து கீழே படித்தார்கள், எழுத்து நன்றாக இருக்கிறதா, அடிக்குறிப்பு இருக்கிறதா, முத்திரை கம்பீரமாக இருக்கிறதா என்று. பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தத் தளத்தைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. உடனே வேறு பக்கங்களைத் திறந்து, இவர்கள் யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். சீக்கிரமாகவும் முடித்தார்கள், சரியாகவும் சொன்னார்கள்.

நம் பள்ளிகளில் நேர்மாறாகச் சொல்லிக்கொடுக்கிறோம். கொடுத்த பாடத்தை ஆழ்ந்து படி, ஊன்றிப் படி. புத்தகத்துக்கு அது சரி. தெரியாத ஆள் அனுப்பியதை ஊன்றிப் படிப்பது அவன் வலையில் உட்காருவதுதான். ஆகவே கட்டுரையில் "இந்தச் செய்தியை நான் படித்தபோது" என்பது ஒரு வரி போதும். அதை விட்டு வெளியே போய் எங்கெங்கே பார்த்தேன் என்பதுதான் மீதி முழுக்க இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பிலேயே ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது, பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியில் நாடு முழுக்க ஆட்களை அடித்துக் கொன்றபிறகுதான் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வைத்தார்கள். அந்த வருஷம் மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு மூதாட்டியை, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக, அடித்தே கொன்றார்கள். சம்பா நெல் ஐயா, பொய்யானால் கால்வலிதான் என்றீர்கள். வெள்ளச் செய்திக்கு அது சரி. ஓர் ஆளைக் காட்டுகிற செய்திக்கு அந்தக் கணக்கு செல்லாது.

சம்பா நெல்:

அதை நான் மறுக்கவில்லை அம்மா. ஆள் படம் வந்தால் நானும் அனுப்புவதில்லை.

பெரிய கோவில் நிழல்:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும் எதைச் சொல்ல வருகிறேன் என்று. தஞ்சைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடையாது. பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது. டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர் சொல்கிறார், யூடியூபில் ஐம்பது பேர் சொல்கிறார்கள், சில பழைய பொது அறிவுப் புத்தகத்திலும் அச்சாகியிருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்த் திருச்சுற்றில் நின்றால் நிழல் நீளமாகப் படுத்திருக்கிறது, அதில்தான் எல்லோரும் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டே நிழல் விழாது என்று பேசுகிறவர்களை நீங்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். சூரியன் நேர் உச்சியில் வருகிற மாசங்களில் உச்சி வேளையில் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும், கதை அதிலிருந்து கிளம்பியிருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆனால் உச்சிக்கல் ஒரே கல், 80 டன் என்கிறார்களே, அதை யார் ஏறிப் போய்ப் பார்ப்பது? அது பல துண்டுக் கற்கள் சேர்ந்தது என்று எழுதிய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது. இங்கே யாரை நம்புவது, ஏன் நம்புவது என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஒரே கோவிலில் ஒன்று கண்ணால் தீர்கிறது, இன்னொன்று தீரவில்லை. இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் ஒரு பிள்ளை பிரித்து எழுதினால் நானே என் காசில் ஒரு புத்தகம் வாங்கித் தருகிறேன்.

ஆடுதுறைக்காரன்:

ரேஷன் அரிசியை விட்டுவிட்டோமே! "பிளாஸ்டிக் அரிசி, தண்ணீரில் போட்டால் மிதக்கிறது பாருங்கள்" என்று வீடியோ. நெல் விளைகிற ஊரிலேயே இதை நம்புகிறார்கள். மிதப்பது நிஜம்தான், வீடியோவும் நிஜம்தான். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்து எடுத்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலந்து வந்தார்கள். மில்லில் தீட்டிய அரிசி மாதிரி இருக்காது, நிறமும் கொஞ்சம் மாறும், சிலது மிதக்கும். என் அத்தை அதைப் பொறுக்கிப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார், சத்து எல்லாம் கோழிக்கு.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் அயோடின் இருக்கும். இரண்டு அரிசியையும் வேகவைத்து மசித்து ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகும், பிளாஸ்டிக் ஆகாது. அதற்காக அந்த அரிசி எல்லோருக்கும் நல்லதா என்ற கேள்வி முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, தலசீமியா மாதிரி ரத்த நோய் உள்ளவர்களுக்கு இரும்புச்சத்து கூடாது என்ற விவாதம் நிஜமான விவாதம். பிளாஸ்டிக் என்று கத்தினதில் அது காதிலேயே விழாமல் போய்விட்டது.

கேள்வி கேட்பவன்:

எல்லாம் சரி, கடைசியில் யார் தீர்ப்பு சொல்வது? அரசாங்கத்தின் சரிபார்ப்பகம் பொய் என்று சொன்னால் பொய்யா? அரசாங்கத்தைப் பற்றிய செய்தியாக இருந்தால்?

நூலகத்தில் கால் வைத்தவள்:

நல்ல கேள்வி. தமிழ்நாட்டு அரசு 2023இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்று தொடங்கியது. மத்திய அரசுக்குப் பிஐபி என்ற பத்திரிகைத் தகவல் அலுவலகத்தில் சரிபார்ப்புப் பிரிவு ஒன்று முன்பே இருக்கிறது. மத்திய அரசு தன்னைப் பற்றி எது பொய் என்று தானே சொல்லும் அதிகாரத்தோடு விதி கொண்டுவந்தபோது மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை ரத்து செய்தது. எனக்கு அது சரியான தீர்ப்பு. ஆனால் அதற்காக அரசு சொல்வதெல்லாம் பொய் என்றும் ஆகாது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று எங்கெங்கோ எப்போதோ நடந்த சண்டைகளின் வீடியோவைப் போட்டார்கள், ஹோலிக்கு ஊருக்குப் போகிற ரயில் கூட்டத்தைக்கூடப் பயந்து ஓடுகிற கூட்டம் என்று காட்டினார்கள். காவல்துறை மறுத்தது. அதை மட்டும் வைத்து நம்பியிருக்க வேண்டாம். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது, தனியார் சரிபார்ப்பவர்கள் ஒவ்வொரு வீடியோவும் எந்த ஊர் என்று தனித்தனியாகக் காட்டினார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லாத மூன்று பேர் ஒன்றையே சொன்னால் அதற்கு ஒரு எடை உண்டு. பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது அதுதான்: எந்த மூன்று பேர், அவர்கள் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதினார்களா?

பேராவூரணித் தென்னை:

குறுக்கே ஒன்று. கஜா புயலுக்குப் பிறகு, அது 2018 நவம்பர் 16, எங்கள் பக்கம் தென்னந்தோப்பு எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்த படத்தை அனுப்பினால் வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் "இது வேற நாட்டுப் படம், கிராஃபிக்ஸ்" என்று பதில் போட்டார். இங்கே கரண்ட் இல்லை, டவர் இல்லை, பல கிலோமீட்டர் போய் சிக்னல் பிடித்து அனுப்பிய படம் அது. சந்தேகப்படுவதை மட்டும் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். கொள்ளிடக்கரை சொன்னதேதான், என் வயிற்றெரிச்சலோடு இன்னொரு தடவை.

டெல்டா டீச்சர்:

நடைமுறைச் சிக்கல் ஒன்று, நான்தான் யோசனை சொன்னேன், நானே சொல்லிவிடுகிறேன். மாமா அனுப்பியது பொய் என்று பிள்ளை கட்டுரை எழுதி, பரிசும் வாங்கி, அதை நூலகத்தில் ஒட்டினால் அந்த வீட்டில் தீபாவளி நடக்காது. அனுப்பியவர் பெயர், எண், குழுவின் பெயர் எதுவும் கட்டுரையில் வரக் கூடாது என்று கட்டாயமாகப் போடுங்கள். "உறவினர் ஒருவர்" போதும். அப்புறம் போன் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். டீக்கடையில் கேட்டது, சுவரொட்டியில் பார்த்தது, கோவில் நிழல், எது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வையுங்கள். நூலகத்துக் கணினியை வாரத்தில் ஒரு மாலை அவர்களுக்கு ஒதுக்க முடியுமா?

முதலாண்டு மாணவன்:

நான் போன வருஷம்தான் பள்ளி முடித்தேன். ஒரு விஷயம் சொல்லலாமா? கட்டுரையை மட்டும் வாங்காதீர்கள், வந்து ஐந்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். நிஜமாகத் தேடினவனுக்குத் தேடின கதை வாயில் தானாக வரும், எந்தப் பக்கம் திறக்கவில்லை, கூகுள் லென்ஸில் என்ன வந்தது, யார் போனை எடுக்கவில்லை என்று. எழுதி வாங்கினவன் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வான். நடுவர் கொஞ்சம் அன்பாகக் கேட்க வேண்டும், வைவா மாதிரி மிரட்டினால் நிஜமாகத் தேடினவனும் உளறுவான்.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. வட்டத்தில் பேசிவிட்டோம். ஒருவர் மட்டும் பழைய தலைப்புதான் இலக்கிய நயமாக இருக்கிறது என்று கடைசிவரை நின்றார், அவரை நடுவர் குழுவில் போட்டுச் சமாதானம் செய்தோம், அது தனிக் கதை.

புதிய தலைப்பு: "எனக்கு வந்த ஒரு செய்தி, அதன் பின்னால் நான் போன வழி." மூன்று பக்கத்துக்கு மிகக் கூடாது. உண்மை, பொய், தெரியவில்லை, எந்த முடிவாக இருந்தாலும் சரி. யார் யாரிடம் கேட்டார்கள், எங்கே பார்த்தார்கள் என்பதற்குத்தான் பாதிக்கு மேல் மதிப்பெண். அனுப்பியவர் பெயர் வந்தால் கட்டுரை திருப்பி அனுப்பப்படும், திருத்திக் கொண்டுவரலாம். தேர்வானவர்கள் வந்து ஐந்து நிமிஷம் பேச வேண்டும். சனிக்கிழமை மாலை கணினி பிள்ளைகளுக்கு. கட்சி, சாதி பற்றிய செய்திகளை எடுக்கலாமா என்பதில் மட்டும் இன்னும் ஒருமித்த முடிவு வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளை அதில் இழுத்துவிட வேண்டாம் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி கேட்பவன்:

பொய்யில் பெரும்பாதி அங்கேதான் இருக்கிறது, அதை விட்டுவிட்டு அரிசியையும் நிழலையும் மட்டும் சரிபார்ப்பதா?

டெல்டா டீச்சர்:

பதினான்கு வயசுப் பிள்ளை அதை எழுதிவிட்டு மறுநாள் அதே தெருவில் பள்ளிக்கு நடந்து போக வேண்டும், தம்பி. பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும், ஆசிரியர் ஒருவர் கூட இருந்தால், அனுமதிக்கலாம் என்பேன்.

வெண்ணாற்றங்கரை:

அதைக் கூட்டத்தில் வைக்கிறேன் டீச்சர்.

பெரிய கோவில் நிழல்:

நிழலை எடுக்கிற பிள்ளைகள் படம் எடுத்த நேரத்தையும் எழுதட்டும். மேகமூட்டமான நாளில் போய் "நிழல் விழவில்லை, கதை உண்மைதான்" என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள்.